ஆலயத் தூய்மையும் அடியார் பாதுகாப்பும்

ஆலயத் தொண்டுகளில் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் ஆகும். கூட்டுவதும் மெழுகுவதும் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் பெருமான் கையில் உழவாரப் படையுடன்தான் காட்சி தருகிறார். அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுத்த காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் அறுபத்து மூவரில் ஒருவராக வணங்கப்படுகிறார். ஆகவே, துடைப்பமும் வாளியும் எடுக்கும் கை தாழ்ந்த கை என்று நம் சமயம் ஒருநாளும் சொல்லியதில்லை.

அந்த நாளில் மெழுகுவதற்குச் சாணமும் நீரும் இருந்தன. பித்தளைக்குப் புளியும் சாம்பலும் இருந்தன. இன்று நம் ஆலயப் பண்டக அறையைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. தரைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று. இவை தொழிற்சாலைகளில் பயன்படுத்தப்படும் அதே இரசாயனங்கள்தாம். தொழிற்சாலையில் அவற்றைக் கையாளுபவருக்குப் பயிற்சி தரப்படுகிறது. கையுறையும் கண்ணாடியும் வழங்கப்படுகின்றன. ஆலயத்திலோ, விழாவுக்கு முந்தின இரவில் நல்ல மனத்தோடு வரும் ஓர் இளைஞரோ, ஒரு பாட்டியம்மாவோ வெறுங்கையால் அவற்றை எடுத்து ஊற்றுகிறார்கள்.

நான் ரெங்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத் தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் துப்புரவுப் பொருள்களையும் பாதுகாப்புச் சாதனங்களையும் வழங்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த அனுபவத்தில் அறிந்தவற்றை ஆலயத் தொண்டர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அழுக்கின் இனம் அறிக

துப்புரவில் முதல் பாடம், எல்லா அழுக்கும் ஒன்றல்ல என்பதாகும். எண்ணெய், நெய், புகைக்கரி, சுண்ணக்கறை, துரு, பாசி, குங்குமம், மஞ்சள் என ஒவ்வொன்றும் வேறு இனம். ஓர் இனத்திற்கு உரிய மருந்து மற்றோர் இனத்திற்குப் பயன்படாது. சில வேளைகளில் கேடும் செய்யும்.

எண்ணெய் நீரில் கரையாது. சோப்பும் சலவைத் திரவமும் அதைக் கழுவுவது எப்படி? சோப்பின் அணுத்திரள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை நாடும். மறு முனை எண்ணெயை நாடும். எண்ணெய்த் துளியைச் சுற்றி நின்று அதை நீரோடு இழுத்துச் செல்வது இந்த இரட்டைக் குணமே. குளோராக்ஸ் என்று நாம் பொதுப்பெயராகவே சொல்லும் வெளுப்பான் திரவத்திற்கு இந்தக் குணம் இல்லை. அது நிறத்தைப் போக்கும், கிருமியைக் கொல்லும், எண்ணெயை அகற்றாது. விளக்கு மேடையைச் சுற்றி வெளுப்பானை ஊற்றித் தேய்ப்பதால் வாசனை மாறுமே தவிர வழுக்கல் மாறாது.

நெய் குளிர்ந்தால் உறையும். அதற்குச் சுடுநீர் வேண்டும். அபிஷேகப் பாலுக்கும் தயிருக்கும் முதலில் குளிர்ந்த நீரே ஊற்ற வேண்டும். சுடுநீர் பட்டால் பாலின் புரதம் இறுகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் நாள்பட நாள்படக் காற்றுப் பட்டு அரக்குப் போல இறுகிவிடும். அதனால்தான் அன்றன்று துடைத்தால் ஒரு நிமிடத்தில் போகும் எண்ணெய், ஒரு மாதம் கழித்துச் சுரண்டினாலும் போவதில்லை.

புகைக்கரி என்பது நுண்ணிய கரித்தூள். அது எதிலும் கரையாது. சுவரில் படிந்த கரியை ஈரத் துணியால் தொட்டவுடன் அது குழம்பாகி இன்னும் பரவும். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, பிறகு சலவைத் திரவம் கலந்த நீரால் கீழிருந்து மேலாகத் துடைத்து வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் அழுக்குநீர் கீழே உலர்ந்த சுவரில் கோடு கோடாகக் கறை போடும். திரியை அளவாக வெட்டி, காற்று அடிக்காத இடத்தில் விளக்கை வைத்தாலே பாதிக் கரி குறையும்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவந்து போவதைத் தாய்மார்கள் கண்டிருப்பார்கள். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும் இயல்புடையது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்த இயல்பைக் கொண்டுதான். அதே நிறப்பொருள் வெயிலில் வெளுத்துப் போகும். ஆகவே மஞ்சள் கறை பட்ட துணிகளைத் துவைத்து வெயிலில் காயப் போடுவதே சிறந்த வைத்தியம். கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் அது வெயிலில் அவ்வளவு எளிதில் போகாது.

வழுக்கும் தரை

நம் ஆலயங்களில் எல்லாரும் வெறுங்காலுடன் நடக்கிறோம். கால் கழுவும் இடத்திலிருந்து ஈரக் காலோடு உள்ளே வருகிறோம். விளக்கு மேடையருகே எண்ணெய், அபிஷேக வேளையில் பால், அன்னதானக் கூடத்தில் சாம்பாரும் மோரும். வழுக்கி விழுவதற்கு வேண்டிய எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இளைஞர் விழுந்தால் எழுந்து துடைத்துக் கொள்வார். எழுபது வயதுப் பாட்டி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். இடுப்பு முறிந்த பல முதியவர்கள் மீண்டும் ஆலயப் படியேறியதே இல்லை. இதைவிடப் பெரிய காரணம் இக்கட்டுரைக்கு வேண்டியதில்லை.

கால் வழுக்குவது ஏன்? பாதத்திற்கும் தரைக்கும் இடையே ஒரு மெல்லிய நீர்ப்படலமோ எண்ணெய்ப் படலமோ நின்று, ஒன்றையொன்று தொடவிடாமல் தடுக்கிறது. பளபளவென்று மெருகேற்றிய தரையில் அந்தப் படலம் ஒதுங்குவதற்கு மேடுபள்ளம் இல்லை. சொரசொரப்பான தரையில் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதம் தரையைப் பற்றும்.

இதில் தொண்டர்கள் அறிய வேண்டியவை சில. எண்ணெய் சிந்தினால் உடனே நீர் ஊற்றலாகாது; நீர் எண்ணெயைப் பரப்பும். மரத்தூளையோ பழைய நாளிதழையோ போட்டு உறிஞ்சி எடுத்த பிறகே சலவைத் திரவம் இட வேண்டும். திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்பதும் தவறு. கழுவப்படாமல் எஞ்சிய சோப்பே ஒரு வழுக்கும் படலமாகத் தரையில் நிற்கும். இரண்டு வாளி வைத்துக் கொள்வது நல்லது. ஒன்று மருந்து நீருக்கு, மற்றொன்று துடைப்பானை அலசுவதற்கு. ஒரே வாளியில் அலசி அலசித் துடைத்தால் எண்ணெயைத்தான் கூடம் முழுதும் பூசுகிறோம். மேலும், முழுக் கூடத்தையும் ஒரே நேரத்தில் நனைக்காமல் பாதியை நனைத்து, மறுபாதியைப் பக்தர்கள் நடக்க உலர்ந்ததாக விட வேண்டும். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் ‘ஆவாஸ், லந்தாய் லிச்சின்’ என்று மஞ்சள் பலகை வைக்கிறார்களே, அது போன்ற ஒன்று ஒவ்வோர் ஆலயத்திலும் இருத்தல் வேண்டும். அதில் தமிழிலும் இரண்டு சொல் எழுதி வைத்தால் முதியவர்களுக்கு உதவியாகும்.

புதிதாகத் தரைக்கல் வாங்கும் நிர்வாகத்தினர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கற்களின் வழுக்கா இயல்புக்கு அளவுகோல் உண்டு. ஜெர்மானிய முறைப்படி, காலணியுடன் நடக்கும் இடங்களுக்கு ‘ஆர் 9’ முதல் ‘ஆர் 13’ வரையும், வெறுங்காலுடன் ஈரத்தில் நடக்கும் இடங்களுக்கு ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்றும் தரம் பிரிக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் ஏற ஏறப் பிடிமானம் கூடும். ஆலயத்துக்கு வேண்டியது இரண்டாம் வகை அளவு. கால் கழுவும் இடத்துக்கும் அபிஷேக நீர் ஓடும் இடத்துக்கும் கல் தேர்ந்தெடுக்கையில் நிறத்தைக் கேட்பதற்கு முன் இந்தத் தரத்தைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கல்லுக்கு ஏற்ற மருந்து

சலவைக்கல், மொசைக், சிமெண்டு ஆகிய மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. அமிலம் பட்டவுடன் இவை நுரைத்துக் கரையும். தரைக்கல் கறை நீக்க விற்கப்படும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே. அதைச் சலவைக்கல்லில் ஊற்றினால் கறையோடு மெருகும் போய், கல் சுண்ணாம்பு வெளுப்பாகிவிடும். எலுமிச்சை விளக்கு ஏற்றும் இடத்தில் சலவைக்கல் மங்கி வட்ட வட்டமாகத் தெரிவதும் இதனால்தான். எலுமிச்சைச் சாறும் அமிலமே, தயிரும் அமிலமே. அங்கே ஒரு தட்டோ வாழையிலையோ வைத்து அதன்மேல் விளக்கேற்றினால் கல் பிழைக்கும்.

கருங்கல் அமிலத்தை ஓரளவு தாங்கும். பளபளப்புப் பூசிய தரைக்கல்லும் தாங்கும். ஆனால் கற்களுக்கு இடையே பூசிய சிமெண்டுச் சாந்து தாங்காது. அமிலத்தின் ஆவியோ அருகிலுள்ள எவர்சில்வர் கைப்பிடிகளையும் இரும்புக் கதவுகளையும் துருவேற்றும். உங்கள் தரை எந்த வகை என்று தெரியாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்தத் தரைக்கு அமிலம் ஆகாது. அன்றாடத் துப்புரவுக்கு எந்தத் தரைக்கும் காரமும் அமிலமும் மிகாத மிதமான சலவைத் திரவமே போதும்.

கருவறையைப் பற்றி ஒரு சொல். மூலவர் திருமேனியிலும் கருவறையிலும் எந்தக் கடை இரசாயனமும் படலாகாது. அங்குள்ள தூய்மை முறையை ஆகமம் அறிந்த குருக்களே செய்ய வேண்டும். நான் சொல்பவை எல்லாம் மண்டபத்துக்கும் வெளிப்பிராகாரத்துக்கும் மடைப்பள்ளிக்கும் கழிவறைக்கும் உரியவை.

பித்தளையும் புளியும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றுப் பட்டு மேலே படியும் கறையைப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைத்து எடுக்கிறது. நம் பாட்டிமார் கைக்கொண்ட முறை முற்றிலும் அறிவியலுக்கு ஏற்றதே. ஆனால் அதில் ஓர் அளவு உண்டு. புளியைப் பூசி இரவெல்லாம் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பாத்திரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது மெருகு ஏறியதன் அடையாளம் அல்ல. உலோகம் நலிந்ததன் அடையாளம். ஐந்து பத்து நிமிடத்தில் தேய்த்து, நன்றாக அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

கடையில் விற்கும் பித்தளை மெருகுத் திரவங்களில் சிலவற்றில் அமோனியாவும் எரியக்கூடிய எண்ணெய்களும் சேர்ந்திருக்கும். திருவாசிக்கும் குத்துவிளக்கின் தண்டுக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். நைவேத்தியப் பாத்திரத்துக்கும் தீர்த்தச் செம்புக்கும் ஆகாது. விளக்கை மெருகேற்றியவுடன் ஏற்றலாகாது. துடைத்து உலர்ந்த பின்பே ஏற்ற வேண்டும்.

ஒன்றோடொன்று சேரக் கூடாதவை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இந்தப் பகுதியை வைத்துக் கொள்ளுங்கள்.

வெளுப்பான் திரவத்தோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே போர்க்களத்தில் எதிரிகள்மீது திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது. ஆகவே மேலே போகாமல் தாழ்ந்த இடத்தில், மூடிய கழிவறையில், வடிகால் குழியில் தங்கி நிற்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

கழிவறைக் கறை நீக்கும் திரவங்களில் பல, அமிலம் கொண்டவை. கறை நன்றாகப் போகட்டும் என்று அதை ஊற்றி, கிருமி சாகட்டும் என்று உடனே வெளுப்பானையும் ஊற்றுவது நம்மவர் பலரிடம் உள்ள பழக்கம். ஓர் ஊரில் விழாவுக்கு முதல் நாள் இரவு, இரண்டு இளைஞர்கள் இப்படிச் செய்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்ததை நான் கண்டிருக்கிறேன். கதவு திறந்திருந்ததால் பிழைத்தார்கள். ஒருவருக்கு மறுநாளும் மூச்சு இழுப்பு நிற்காமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. தூய்மை செய்ய வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார் இல்லை.

எலுமிச்சை, வினிகர், புளி ஆகியவையும் அமிலமே. அவற்றையும் வெளுப்பானோடு சேர்க்கலாகாது. வெளுப்பானோடு அமோனியா சேர்ந்தால் குளோரமின் என்னும் வேறு நச்சுவாயு எழும். சில கண்ணாடித் திரவங்களிலும் மெருகுத் திரவங்களிலும் அமோனியா உண்டு. தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம்: “ஐயா, பால் உறைய ஆசிட் கலந்தீர்கள், பால் உறையாமலிருக்க அமோனியா கலந்தீர்கள். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றியதுண்டா? அதுபோலத்தான் இதுவும்.” உடனே புரிந்து கொள்வார்கள்.

வெளுப்பானைத் தனியாகவும் நீர் கலந்துமே பயன்படுத்த வேண்டும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஏறக்குறைய 5 விழுக்காட்டுத் திரவம். வெளிப்பிராகாரத்துப் பாசிக்கு ஒரு பங்கு திரவத்துக்குப் பத்துப் பங்கு நீர் போதும். முதலில் பாசியைத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, கலவையைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, நிறைய நீரால் கழுவ வேண்டும். தரையைத் துடைத்துக் கிருமி நீக்க ஐம்பது பங்கு நீர் சேர்க்கலாம். சுடுநீரில் கலக்கக் கூடாது. அன்று கலந்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். வெயிலிலும் வெப்பத்திலும் அதன் வலு குறைந்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தை அதில் ஊறவைத்தால் ஊசித் துளை போலத் துருப் புள்ளிகள் விழும்.

தீயும் திரவமும்

ஆலயத்தில் எப்போதும் தீ உண்டு. தொழிற்சாலைக்கும் ஆலயத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் எண்ணெய்ப் பிசுக்கும் மெழுகும் போகும் என்பது உண்மையே. ஆனால் பெட்ரோலும் தின்னரும் விடும் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து பத்தடி தள்ளி எரியும் விளக்கைத் தொட்டுத் தீயைத் திரும்பக் கொண்டு வரும். ஆலயத்துக்குள் இவற்றுக்கு இடமில்லை.

2020இல் கோவிட் நோய் பரவியபோது கைக்குக் கிருமிநாசினித் திரவம் எங்கும் வந்தது. அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு மதுசாரம். நம் நாட்டின் சாதாரண வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும். அதைக் கையில் தடவி உலருமுன் கற்பூர ஆரத்தியைத் தொட்டு ஒற்றிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் புட்டியை வாசலில், கால் கழுவும் இடத்தருகே வைக்க வேண்டும். தீபத் தட்டு வரும் இடத்தில் வைக்கலாகாது.

எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து மூலையில் போடுவதும் கூடாது. சில தாவர எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து தாமாகவே சூடேறும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தீயாக மாறியதுண்டு. துணிகளை விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது மூடியுள்ள தகர வாளியில் நீரில் நனைத்து வைக்க வேண்டும்.

மடைப்பள்ளியும் வடிகாலும்

அன்னதானக் கூடத்தின் அடைப்பு நீக்கக் காஸ்டிக் சோடா பயன்படுகிறது. அது நீரோடு சேரும்போது கடுஞ்சூடு எழும். நீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினிய அண்டாவில் அதைப் போட்டால் உலோகம் கரைந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும். அடுப்பருகே அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடைப்பு வராதிருக்க எளிய வழி, சாம்பார்ப் பாத்திரத்தின் எண்ணெயைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதன் பின்பே கழுவுவதாகும்.

எஞ்சிய இரசாயனங்களை வடிகாலில் கொட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்தில் குப்பைக் கிடங்கின் கசிவுநீர் ஆற்றில் கலந்து, அம்மோனியா மிகுந்து, 2019இல் நீர் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆலயத்தின் அரைப் புட்டி அமிலம் அவ்வளவு கேடு செய்யாது என்றாலும், வழக்கம் ஒன்றுதான். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீதியை அடையாளச் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள்.

புட்டியும் பெயர்ச்சீட்டும்

என் தாயார் செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து அடிக்கும் வேலை செய்தவர். அந்நாளில் பாராகுவாட் மருந்தைப் பழைய சோடாப் புட்டியில் ஊற்றி வீட்டுக் கொல்லையில் வைத்திருப்பார்கள். தாகத்தில் தவறுதலாக ஒரு மிடறு குடித்தவருக்கு மாற்று மருந்தே இல்லை. 2002இல் அதைப் படிப்படியாக விலக்க முடிவு செய்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்தார்கள். அந்த மருந்து போய்விட்டது. சோடாப் புட்டிப் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் மொத்தமாக வாங்கிய தரைத் திரவத்தையும் அமிலத்தையும் குடிநீர்ப் புட்டிகளில் நிரப்பி வைக்கிறோம். அன்னதானத்தன்று கூட்டத்தில் ஒரு குழந்தை அதை எடுத்தால்? குடிக்கும் பொருள் இருந்த புட்டியில் இரசாயனத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. வாங்கிய புட்டியிலேயே, பூட்டிய அலமாரியில், பூஜைப் பொருளுக்கும் மளிகைக்கும் தள்ளி வைக்க வேண்டும். அமிலத்தையும் வெளுப்பானையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்கவும் கூடாது.

தொழிலிடங்களுக்கு வரும் இரசாயனங்களுக்கு 2013ஆம் ஆண்டின் விதிகளின்படி பெயர்ச்சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரத்துக்குள் படம் இருக்கும். கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளி என்றால் அரிக்கும் பொருள். தீச்சுடர் என்றால் எரியும் பொருள். மண்டையோடு என்றால் கொடிய நஞ்சு. ‘பஹாயா’ என்ற சொல் இருந்தால் மிகுந்த ஆபத்து. ‘அமாரான்’ என்றிருந்தால் அதற்கு அடுத்த நிலை. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாமார்களுக்கும் இந்தப் படங்களைக் காட்டிக் கொடுத்தால் போதும். உடனே பிடித்துக் கொள்வார்கள்.

கையுறை முதலியன

நம் முன்னோர் சீவிய பால்மரத்தின் பாலே இன்று கையுறையாகி உலகெங்கும் போகிறது. கையுறை தயாரிப்பில் மலேசியா முன்னணி நாடு. அப்படியிருந்தும் ஆலயத்தில் வெறுங்கையால் ஆசிட் ஊற்றுவது வருந்தத்தக்கது. தரை கழுவவும் கழிவறை தேய்க்கவும் முழங்கை வரை வரும் தடித்த கையுறை வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள வேலைக்கு இயற்கை ரப்பரைவிட நைட்ரைல் கையுறை நல்லது; ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அதுவே உகந்தது. தெறிக்கும் திரவத்துக்குக் கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி வேண்டும். சாதாரண முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும். குளோரின் போன்ற வாயுவைத் தடுக்காது. ஆகவே கதவையும் சன்னலையும் திறந்து வைப்பதே முதல் பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு விபத்து நேர்ந்தால்: கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அமிலம் பட்ட இடத்தில் சோடாவையோ, காரம் பட்ட இடத்தில் எலுமிச்சையையோ தடவலாகாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வந்த வழியே திரும்பும்போது தொண்டை இன்னொரு முறை வெந்துபோகும். வாயு மூச்சில் ஏறினால் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். 999க்கு அழைத்து, மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

சட்டம் சொல்வது

1991இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடிவிபத்து நாட்டை உலுக்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1994இல், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அது முதலில் குறிப்பிட்ட சில தொழில்துறைகளுக்கு மட்டும் இருந்தது. 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல், வீட்டுப் பணி போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நாட்டின் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துள்ளது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள முதலாளி ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். ஊழியர் அல்லாத பிறரின் பாதுகாப்பையும் இச்சட்டம் பேசுகிறது. சம்பளம் பெறும் குருக்களும் சமையற்காரரும் துப்புரவாளரும் உள்ள ஆலயங்கள் இதைக் கருத்தில் கொள்வது அவசியம். சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, வருபவர் எல்லாரும் இறைவனின் விருந்தினர் என்று எண்ணிச் செய்தால் இன்னும் சிறப்பு.

உபயதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் உபயதாரர்கள் எண்ணெய்க்கும் நெய்க்கும் பூமாலைக்கும் அன்னதானத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணெய் தரையில் சிந்தும் என்பதையும், அதைத் துடைப்பவர் ஒருவர் உண்டு என்பதையும் சேர்த்து நினைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விளக்கு உபயம் செய்பவர் விளக்கு மேடைக்கு ஒரு ரப்பர் விரிப்பும் எண்ணெய்த் தட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். அபிஷேக உபயத்தோடு கால் கழுவும் இடத்திற்கு ஒரு கைப்பிடிக் கம்பி அமைத்துத் தரலாம். அன்னதான உபயத்தோடு மடைப்பள்ளிக்குக் கையுறையும், கண்ணாடியும், வழுக்காத ரப்பர் காலணியும் வாங்கித் தரலாம். பூட்டுள்ள அலமாரி ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் பூ அலங்காரத்தின் செலவைவிடக் குறைவே. இவற்றில் உங்கள் பெயர் பொறிக்க இடம் இராது. ஆனால் ஒரு பாட்டியம்மா விழாமல் வீடு திரும்புவார்.

ஆலய நிர்வாகத்தினர் விழாவுக்கு முன் தொண்டர்களைக் கூட்டி அரைமணி நேரம் இவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டுகிறேன். எது எதோடு சேரக்கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் பண்டக அறைக் கதவில் ஒட்டி வையுங்கள். துடைப்பம் எடுக்கும் கைகள் நோகாமலும் வெந்து போகாமலும் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் அவை தொண்டுக்கு வரும். எல்லாம் வல்ல இறைவன் தொண்டர் அனைவரையும் காத்தருள வேண்டுமென்று வணங்கி முடிக்கிறேன்.